கூடப் போவதற்கு ஒரு ஆள்

நாகர்கோவில் வேப்பமூடு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், டிசி, இறப்புச் சான்று என்று ஒன்று மாற்றி ஒன்று அந்தக் கண்ணாடியில் வந்து விழும். சனிக்கிழமை மட்டும் நாலரை மணிக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். அன்றைக்கு வீடு சந்திப்பு. எங்கள் பங்கின், அதாவது எங்கள் கத்தோலிக்க ஆலயத்தின், வின்சென்ட் தே பவுல் சபையில் 2017 ஆகஸ்டில் சேர்ந்தேன். அதிலிருந்து நான் பார்த்ததையும், தப்பாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டதையும் எழுதி வைத்தால், இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

சபையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1833-ல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது இது. ஏழையை ஆலயத்துக்கு வரவழைத்துக் கொடுக்காமல், அவர் வீட்டுக்கு நாமே போக வேண்டும் என்பது அன்றிலிருந்து வரும் வழக்கம். இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம். கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை கைமாறிச் சுற்றி வரும். எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் 500 போட்டார், யார் வெறுங்கையை விட்டு எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. அதன் பெயரே இரகசியப் பை. நான் சேர்ந்த புதிதில் கடைக்கு வாடகை கொடுக்கவே திண்டாடிய மாதங்கள் உண்டு. அப்போதும் அந்தப் பைக்குள் தலைநிமிர்ந்து கையை விட்டிருக்கிறேன். ஒரு நற்பணியை எப்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை அந்தப் பைதான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது.

ஆரம்பத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அரிசிப் பை. 10 கிலோ அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, எண்ணெய் என்று கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒழுகினசேரிப் பக்கம் ஒரு வீட்டில் நாலு மாதமாகக் கொடுத்தோம். அஞ்சாவது மாதம் போனால், மூலையில் முதல் மாதத்துப் பை கட்டு அவிழாமல் இருக்கிறது. "சம்பா அரிசி தின்னு வளந்த வயிறு மக்ளே, இந்த வெள்ளைச் சோறு நிக்கமாட்டேங்குது. கொண்டு தாற பிள்ளியளுட்ட எப்படிச் சொல்ல?" என்றார் அந்தப் பெரியம்மா. சம்பா என்றால் எங்கள் பக்கத்தில் சிவப்பு அரிசி. அவருக்கு இருந்தது ஒரு சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு. 10 கிலோ பையை அவரால் நகர்த்தக்கூட முடியாது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு மாதம் அவர் நன்றி சொல்லியிருக்கிறார். நாங்களும் சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறோம்.

இப்போது முதல் சந்திப்பில் எதையும் கொண்டுபோவதில்லை. உட்கார்ந்து பேசுவோம். என்ன அரிசி சாப்பிடுவார், எதில் சமைக்கிறார், சமைக்கத் தெம்பு இருக்கிறதா, பல் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, எவ்வளவு எடையைத் தூக்குவார் என்றெல்லாம் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்வோம். பல வீடுகளுக்கு 2 கிலோ சம்பா அரிசி, கால் கிலோ சிறுபயறு, ஒரு தேங்காய் போதும், கஞ்சிக்கு ஆகிவிடும். பக்கத்துக் கடையில் கணக்கு வைத்துக் கொடுத்து, தேவைப்பட்டதை அவர்களே வாங்கிக்கொள்ளும்படி செய்தால் இன்னும் நல்லது. ஒரு தாத்தா முதல் வாரம் வாங்கியது வெற்றிலையும் அரை கிலோ கருப்பட்டியும். எங்களில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எத்தனையோ வருடம் கழித்து அவர் தன் விருப்பத்துக்கு ஒரு சாமான் வாங்குகிறார்.

அரிசி என்றதும் பிடியரிசி ஞாபகம் வருகிறது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது எங்கள் மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம். என் அம்மா கடைசி வரைக்கும் செய்தார். அதை அப்படியே பொட்டலம் போட்டுக் கொடுக்கலாமே என்று நானும் நினைத்ததுண்டு. பல வீட்டு அரிசி கலந்தால் சம்பா வேகும் முன் பொன்னி குழைந்துவிடும். அதனால்தான் பெரியவர்கள் அதை விற்றுக் காசாக்கி அந்தக் காசில் உதவி செய்தார்கள். பழைய ஏற்பாடு ஒன்றை மாற்றும் முன், அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வயதானவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நான் சேர்ந்து நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, ஒக்கி புயல் அடித்தது. 2017 நவம்பர் 30. வாழையும் ரப்பரும் சாய்ந்து, கரண்டு கம்பங்கள் முறிந்து, மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்தது. எல்லா இடத்திலிருந்தும் பழைய துணி வந்து குவிந்தது. அதைப் பிரித்து அடுக்கவே பத்துப் பேர் வேண்டியிருந்தது, அதில் பாதி உடுத்த முடியாதது. ஆனால் கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டுக்காரர்கள் என் கடைக்கு எதற்காக வந்தார்கள் தெரியுமா? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கமிருந்து கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்த பெண்கள் அவர்கள். ஒரு பெண் கல்யாண ஆல்பத்தையே துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "அக்கா, இதுல அவரு முகத்த மட்டும் வெட்டி பாஸ்போர்ட் சைசுல எடுத்துத் தருவீங்களா? வேற போட்டோ இல்ல." ஜெனரேட்டர் ஓட்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தேன். ஸ்கேன் பண்ணி, பக்கத்தில் நின்ற அவள் தோளை விலக்கி, அவர் முகத்தை மட்டும் எடுத்தேன். மாலையின் ஒரு பூ மட்டும் ஓரத்தில் வந்துவிட்டது. அதை அழிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று கிடையாது. சாதாரணமாக 7 வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராகக் கருதும். சான்று இல்லாவிட்டால் உதவித்தொகை, வங்கிப் பணம், படகுக் கடன் எதுவும் நகராது. ஒக்கியில் அரசு அந்தக் காலக்கெடுவைத் தளர்த்தியது. அதற்கும் எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து! அந்த டிசம்பரில்தான் எனக்குப் புரிந்தது. அரிசி கொடுக்க ஆள் நிறைய இருக்கிறது. படிவத்தைப் படித்துச் சொல்லி, கூட பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, "இன்னும் என்ன வேணும் சார்?" என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அப்புறம் எங்கள் சபையில் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சாமான் வாங்க ஒதுக்குவதுபோல் பஸ் காசுக்கும் ஆட்டோவுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஒதுக்கினார்கள்.

இப்படிக் கூடப் போய் நாங்கள் பட்டதில் எனக்கு ரொம்ப நெருக்கமானது வடசேரியில் ஒற்றை அறையில் இருக்கும் ஒரு ஆச்சியின் கதை. வயது 74. சின்னப் பிள்ளையில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னினார். தலையணை போன்ற திண்டில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி மாற்றி மாற்றிப் போடும் அந்த வேலை. இந்த ஊருக்கு அது சுமார் இருநூறு வருடத்துக்கு முன் மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் கற்றுக்கொடுத்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் ரேந்தை விற்ற காசில் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். ஆச்சிக்கு அந்தச் சரித்திரம் தெரியும், சொல்லும்போது குரல் உயரும். கல்யாணத்துக்கு அப்புறம் மேற்கே ஒரு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், 30 வருடம் முந்திரிக்கொட்டை உடைத்தார். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையை அரித்துவிடும். ஆச்சியின் விரல் நுனிகளைப் பிடித்துப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன, ஒரு கோடு கிடையாது.

ரேஷன் கடை இயந்திரத்தில் அந்த விரல் விழாது. மாதாமாதம் நாலைந்து தடவை வைத்துப் பார்ப்பார்கள், சிவப்பு விளக்கு எரியும், நாளை வாங்க என்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் சில நாள் விழும், சில நாள் விழாது. இது ஆச்சியின் கதை மட்டும் இல்லை. அண்டி ஆபீஸ், கயிறு, ரப்பர் பால், சுண்ணாம்பு என்று கையால் உழைத்து வயதானவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். வழி இருக்கிறது. கடைக்கு வர முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கப் படிவம் உண்டு, அதை ரேஷன் கடையிலேயே கேட்கலாம். கருவிழி ஸ்கேன் உள்ள கடையும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்த பிறகு, வயதானவர்களுக்கு வீட்டுக்கே பொருள் வருகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே.

முதியோர் உதவித்தொகைக்கு ஆச்சி இரண்டு தடவை தானாகவே விண்ணப்பித்திருந்தார். இரண்டும் நிராகரிப்பு. ஏன் என்று அவருக்குத் தெரியாது. காகிதங்களை என் கடைக் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் "அம்மாள்" இருக்கிறது, ரேஷன் கார்டில் இல்லை. பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து, ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து. ஒரே மனுஷி காகிதத்தில் மூன்று பேராக இருந்தார்.

எனவே விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாக் காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, முகவரி நான்கையும் ஒப்பிடுவது. எது தப்போ அதை முதலில் திருத்துங்கள். அதுவரை மனு போடாதீர்கள். ஆதாரில் போன் நம்பர் இருக்கிறதா, அது யாருடையது என்றும் பாருங்கள். ஆச்சியுடையதில் இருந்தது எப்போதோ ஊரைவிட்டுப் போன ஒரு பக்கத்து வீட்டுப் பையனின் நம்பர். இதை எல்லாம் சரிசெய்யவே நாலு மாதம் ஆனது. அப்புறம் இ-சேவையில் மனு. அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று போகும். மனு எண்ணை ஆச்சியின் காலண்டரில் பெரிதாக எழுதிவைத்தோம், என் நோட்டிலும் எழுதினேன். ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மூன்றாவது தடவை ஆச்சி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "விடு மக்ளே, எனக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்றார். நான் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னோடு வந்த அண்ணாச்சி, போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒன்றும் பேசாமல் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து ஆச்சி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சத்தம் போடவில்லை. "எதுக்காகத் திருப்பி அனுப்புறீங்கன்னு இந்தக் காகிதத்துலயே எழுதித் தாங்க சார், திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டு போறோம்" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள்.

வாய்மொழியாகச் சொல்லும் மறுப்பைக் காகிதத்தில் கேளுங்கள். கேட்கும்போது மரியாதை குறையக் கூடாது, நாளைக்கும் அதே மேசைக்குத்தான் போகப்போகிறோம்.

மருத்துவமனை வேலை இதைவிடக் கஷ்டம். வடசேரிச் சந்தையில் சுமை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 108-ல் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வைத்தியத்துக்குச் செலவு இல்லை. ஆனால் கூட நிற்க ஆள் வேண்டும். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போக, துணி மாற்ற, ராத்திரி தண்ணீர் கொடுக்க. சொந்தம் என்று யாரும் இல்லை. 11 ராத்திரி முறை வைத்து ஆண்கள் படுத்தார்கள், பகலில் நாங்கள் போனோம். பிளாஸ்கில் கஞ்சி, ஒரு டம்ளர், இரண்டு கைலி, சோப்பு, செருப்பு, ஒரு பழைய பெட்ஷீட், இதெல்லாம் அடங்கிய பை ஒன்று இப்போது எங்கள் சபை அலமாரியில் எப்போதும் தயாராகத் தொங்கும். கூட நிற்பவர் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். சொன்னதைக் கையோடு எழுதி, அடுத்து வருகிறவரிடம் நோட்டை ஒப்படைக்க வேண்டும்.

அந்த ஆளுக்கு நடை வந்ததும் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வாங்கிக் கொண்டுபோய் விட்டோம். நாலாம் நாள் கம்பை ஊன்றிக்கொண்டு சந்தைக்கே திரும்பி வந்துவிட்டார். எங்களில் சிலருக்குக் கோபம். அவரிடம் முதலில் கேட்டோமா என்று யாரோ கேட்டபோது எல்லோரும் பேசாமல் இருந்தோம். கேட்கவில்லை. விடியற்காலை லாரிச் சத்தம், தேங்காய் ஏலம் போடும் கூச்சல், தெரிந்த முகம், இதெல்லாம் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. இப்போது ஒரு கடைத்திண்ணையில் படுக்க அந்தக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். பிரஷர் மாத்திரைக்கு, 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் அவரைச் சேர்த்துவிட்டோம். மழைக்காலத்தில் எனக்கு ராத்திரி அவர் நினைப்பு வரும். ஆனாலும் அது அவர் எடுத்த முடிவு.

போட்டோ விஷயத்தில் நான் ஒரு பிள்ளையை நோகடித்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். 2018 ஜூனில் பள்ளிக்கூடப் பை கொடுத்தபோது, பணம் தந்தவருக்கு அனுப்பலாம் என்று நான்தான் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தேன். அது வாட்ஸ்ஆப்பில் சுற்றி, பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணின் வகுப்புக் குரூப்புக்கே வந்துவிட்டது. அவள் அந்தப் பையை அப்புறம் தூக்கவே இல்லை. ஞாயிறு மறைக்கல்விக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றாள், முகத்தைப் பார்க்காமல். இப்போது நாங்கள் எடுப்பது சாமான் படமும் கடை பில்லும் மட்டும்தான். முகம் வேண்டும் என்று கேட்கிற நன்கொடையாளரிடம் இந்தக் கதையைச் சொல்வேன். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். புரியாதவரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

இடலாக்குடியில் ஒரு வீட்டில், "நீங்க வேதத்துல சேரச் சொல்லுவீங்களோ?" என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று. இல்லை என்று அங்கேயே சொன்னோம், அதன்படியே இருக்கிறோம். நான் இந்த வேலையைச் செய்வது இயேசுவின் பொருட்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உதவி தேவைப்பட்டு நிற்கிறவரிடம் என் விசுவாசத்தை முன்னால் வைத்தால், அவரால் மனசாரச் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. ஜெபம் அவர்களாகக் கேட்டால் மட்டும். அந்த வீட்டு அம்மா நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி எங்களுக்குக் கொடுத்துவிட்டார், நாங்கள் வாங்கிக்கொண்டோம். வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைக்கடன் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் உங்களைக் கண்டால் ஒதுங்குவார், உறவே போய்விடும். முடிந்தால் உதவியாகவே கொடுங்கள். வீட்டு வாடகையை வீட்டுக்காரரிடம், பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியில் கட்டி ரசீது வாங்குங்கள். எந்தச் செலவுக்கும் இரண்டு கையெழுத்து. அடுத்த மாதமும் வருவேன் என்று வாக்குக் கொடுக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். நமக்கு அது முப்பது வீடுகளில் ஒன்று. அவர்கள் அந்தச் சனிக்கிழமைக்காகத் திண்ணையைக் கழுவி வைத்திருப்பார்கள்.

ஆச்சிக்கு உதவித்தொகை வந்துவிட்டது. 2023-ல் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக்கினார்கள், அந்த 1200. வங்கியில் முதல் தடவை எடுக்கவும் நான் கூடப் போனேன். நோட்டுகளை எண்ணி, 200-ஐ மட்டும் சேலை முந்தியில் தனியாக முடிந்துகொண்டார். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. போன சனிக்கிழமை போனபோது அரிசியைப் பற்றிப் பேச்சே இல்லை. முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை என் கையில் வைத்தார். "வாற வாரம் நல்ல சாளை மீன் கெடந்தா வாங்கிட்டு வா மக்ளே. ஐஸ்ல போட்டது வேண்டாம். மிச்சக் காச எங்கிட்டக் கொண்டு தரணும், கேட்டியா."